படைப் பெயர்களைப் படிக்கும் முறை: செக்‌ஷனிலிருந்து ஆர்மி குரூப் வரை

நான் முதன்முதலில் மொழிபெயர்த்த போர் வரலாற்று நூலில் இப்படி ஒரு வாக்கியம் அச்சாகிவிட்டது: "படைப்பிரிவு தன் இடப்பக்கத்துப் படைப்பிரிவுடன் தொடர்பை இழந்தது." மூலத்தில் முதலாவது பிரிகேட், இரண்டாவது பட்டாலியன். பிரிகேட் தலைமையகம் தன் மூன்று பட்டாலியன்களில் ஒன்று எங்கே போனது என்று தெரியாமல் தவித்த இரவு அது. தமிழில் படித்தவருக்கு யார் யாரை இழந்தார்கள் என்றே புரிந்திருக்காது.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர் பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டிருந்தார். கோபமாக ஒரு சொல்கூட இல்லை. ஒரு தாளில் கீழிருந்து மேலாகப் படை அலகுகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதனால் தனியாக என்ன செய்ய முடியும்" என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு நான் மொழிபெயர்த்த எல்லாப் போர் நூல்களுக்கும் அந்தத் தாள்தான் துணை. அதை விரித்து எழுதினால் போர்ச் செய்தி படிப்பவர்களுக்கும் வரலாறு படிப்பவர்களுக்கும் உதவும் என்று நெடுநாளாக ஆசை.

முதலில் வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள். காலாட்படையில் கீழிருந்து மேலாக: செக்‌ஷன், பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன், பிரிகேட், டிவிஷன், கோர், ஆர்மி, ஆர்மி குரூப். செக்‌ஷனை அமெரிக்கர்கள் ஸ்குவாட் என்பார்கள். ரெஜிமென்ட் என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அது ஒரு தனி வம்பு, பிறகு வருகிறேன். கோர் என்பதைப் பல இடங்களில் கார்ப்ஸ் என்று அச்சடிக்கிறார்கள். அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. எழுத்தில் இருக்கும் கடைசி இரண்டு ஒலிகளும் உச்சரிப்பில் கிடையாது.

அடுத்து, ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர்? இதற்கு ஒரே விடை இல்லை. நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறும். ஆனால் ஒரே ஒரு படையை முழுதாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் மற்றவை தானாகப் பிடிபடும். நான் எப்போதும் எடுத்துக்கொள்வது 1943ஆம் ஆண்டின் அமெரிக்கக் காலாட்படை டிவிஷன். அதன் அட்டவணை அவ்வளவு சீரானது. தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்குவாடில் 12 பேர். ஒருவர் குரல் கொடுத்தால் சண்டை இரைச்சலிலும் கேட்கக்கூடிய கூட்டம், அவ்வளவுதான். மூன்று ஸ்குவாட் சேர்ந்தால் 36. ஆனால் பிளட்டூனில் 41 பேர் இருந்தார்கள். மிச்சம் ஐந்து பேர் யார்? லெப்டினன்ட், அவருடைய சார்ஜென்ட், செய்தி கொண்டு ஓடுகிறவர்கள். இந்த மிச்சத்தைக் கவனியுங்கள். நான் சொல்ல வருவது முழுக்க இந்த மிச்சத்தைப் பற்றித்தான்.

மூன்று பிளட்டூன் என்றால் 123. கம்பெனியிலோ 193 பேர். இப்போது மிச்சம் 70. அதில் பாதி, ஆயுத பிளட்டூன்: இலகு இயந்திரத் துப்பாக்கிகளும், குண்டை உயரே எறிந்து விழவைக்கும் குட்டைக் குழல்களான 60 மில்லிமீட்டர் மோர்ட்டார்களும் வைத்திருப்பவர்கள். மறுபாதி கம்பெனித் தலைமையகம், அதில் சமையல்காரர்களும் அடக்கம். ஆக, கம்பெனி தனக்கென்று ஒரு அடுப்பையும் ஒரு மோர்ட்டாரையும் பெற்றுவிட்டது. மலைக்குப் பின்னால் இருக்கும் எதிரியைக் கண்ணால் பார்க்காமலே அடிக்க முடிகிற முதல் படி இதுதான்.

மூன்று கம்பெனி 579. பட்டாலியனில் 871. மிச்சம் 292. அதில் 166 பேர் கனரக ஆயுதக் கம்பெனி: பெரிய இயந்திரத் துப்பாக்கி, 81 மில்லிமீட்டர் மோர்ட்டார். மீதி 126 பேர் தலைமையகம். இங்கேதான் முதன்முறையாக ஸ்டாஃப் என்ற ஒன்று வருகிறது. ஆள் கணக்குக்கு ஒரு அதிகாரி, உளவுக்கு ஒருவர், செயல்திட்டத்துக்கு ஒருவர், சப்ளைக்கு ஒருவர். கம்பெனி கமாண்டர் யோசிப்பதும் கத்துவதும் அவரே. பட்டாலியன் கமாண்டருக்கு, தான் தூங்கும்போதும் யோசிக்க ஆள் இருக்கிறது. அதனால்தான் ஒரு போர்க் கதையில் பட்டாலியன் என்ற சொல்லைப் பார்த்தவுடன் நான் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். அதற்குக் கீழே நடப்பது சண்டை. பட்டாலியனிலிருந்துதான் திட்டம் தொடங்குகிறது.

மூன்று பட்டாலியன் 2,613. அதற்கு மேலே அந்த டிவிஷனில் பிரிகேடுக்குப் பதிலாக ரெஜிமென்ட் இருந்தது, 3,118 பேர். இங்கே பீரங்கிக் கம்பெனி ஒன்றும் டாங்கி எதிர்ப்புக் கம்பெனி ஒன்றும் சேர்கின்றன. மூன்று ரெஜிமென்ட் 9,354. டிவிஷனோ 14,253. மிச்சம் கிட்டத்தட்ட 4,900 பேர்! நான்கு பீரங்கி பட்டாலியன்கள், பாலம் கட்டவும் கண்ணி அகற்றவும் பொறியாளர் பட்டாலியன், மருத்துவ பட்டாலியன், சிக்னல் கம்பெனி, வேவுப் படை, பழுது பார்ப்பவர்கள். டிவிஷன் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் எண்ணிக்கை சொல்வதில்லை. எல்லா வகைப் படையும் ஒரே தலைமையின் கீழ் இருக்கிற, பல நாள் தானாகவே போரிடக்கூடிய அளவு என்றுதான் சொல்வேன்.

கணக்கை இத்தோடு மூடிவிடாதீர்கள். இன்னொரு கூட்டல் பாக்கி. அந்த டிவிஷனில் 27 ரைஃபிள் கம்பெனிகள். கம்பெனிக்கு ஒன்பது ஸ்குவாட் என்றால் 243. ஸ்குவாடுக்கு 12 பேர் வீதம் 2,916. பதினாலாயிரத்துச் சொச்சம் பேரில் ரைஃபிள் ஸ்குவாடில் நின்று முன்னால் நடந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். "டிவிஷன் 1,500 பேரை இழந்தது" என்று படித்தால், பத்தில் ஒரு பங்குதானே என்று கடந்துவிடத் தோன்றும். அந்த இழப்பில் பெரும்பகுதி அந்த 2,916 பேர் மேல்தான் விழும். ஸ்குவாடுகளில் பாதி காலியாகியிருக்கும். இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. முன்பு மொழிபெயர்த்த பக்கங்களையெல்லாம் திரும்ப எடுத்துப் படித்தேன்.

மூன்று மூன்றாகப் பெருகும் இந்த முறை நமக்குப் புதிதல்ல. பாரதக் கதையில் வரும் அக்குரோணிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது ஒரு பத்தி. அது மும்மடங்கானால் சேனாமுகம், அது மும்மடங்கானால் குல்மம், இப்படி ஏழு முறை மும்மடங்காகி, கடைசியில் பத்து மடங்கானால் அக்குரோணி: 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். எண்ணிக்கை கவி மரபு. ஆனால் இரண்டு உண்மைகள் அதில் அப்படியே இருக்கின்றன. ஒன்று, ஒரு தலைவனால் நேரடியாக ஆள முடிவது மூன்று நான்கு கைகளைத்தான். இரண்டு, மிகச் சிறிய அலகிலேயே நால்வகைப் படையும் கலந்திருக்கிறது. இன்றைய ராணுவங்களில் இந்தக் கலப்பு வழக்கமாக மேல்படியில்தான் நடக்கும். ரோமானியர்களின் ஏணி வேறு மாதிரி. எட்டுப் பேர் ஒரு கூடாரம், பத்துக் கூடாரம் ஒரு செஞ்சுரி. பெயர் நூறு என்றாலும் ஆட்கள் எண்பதுதான். ஆறு செஞ்சுரி ஒரு கோஹார்ட், பத்துக் கோஹார்ட் ஒரு லீஜியன். பெயரில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது என்பது அப்போதே தொடங்கிவிட்டது.

சரி, டிவிஷனுக்கு மேலே போவோம். இரண்டிலிருந்து ஐந்து டிவிஷன் வரை சேர்ந்தது கோர். இதை ஒரு நிலையான அமைப்பாக ஆக்கியவர் நெப்போலியன். தனித்தனிச் சாலையில் நடந்து, ஒன்று எதிரியிடம் மாட்டினாலும் மற்றவை வந்து சேரும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1806 அக்டோபர் 14 அன்று அவுர்ஷ்டெட் என்ற இடத்தில் அவருடைய தளபதி மார்ஷல் தாவூவின் மூன்றாவது கோர், மூன்றே டிவிஷன்களுடன், ஏறக்குறைய 27,000 பேராக, அதைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்த பிரஷ்யாவின் முதன்மைப் படையை எதிர்கொண்டது. தாக்குப்பிடித்தது மட்டுமல்ல, வென்றது. கோரில் தனக்கென்று பீரங்கியும் குதிரைப்படையும் ஸ்டாஃபும் இல்லாமல் இருந்திருந்தால் அன்று அது முடிந்திருக்காது.

கோர்கள் சேர்ந்தால் ஆர்மி, லட்சம் பேரும் அதற்கு மேலும். ஆர்மிகள் சேர்ந்தால் ஆர்மி குரூப். சோவியத் நாட்டில் அதற்கு ஃபிரன்ட் என்று பெயர். அதைப் போர்முனை என்று மொழிபெயர்த்துவிட்டால் ஒரு தளபதியின் கீழ் இருந்த லட்சக்கணக்கான ஆட்கள் வெறும் இடமாகச் சுருங்கிவிடுவார்கள். இந்தத் தவறைப் பல நூல்களில் பார்த்திருக்கிறேன்.

இனி ஏமாற்றும் சொற்கள். என் அனுபவத்தில் பிழைகளில் பெரும்பாதி இங்கேதான் நடக்கிறது.

ரெஜிமென்ட் முதலிடம். அமெரிக்க, ஜெர்மானிய, சோவியத் வரலாற்றில் அது மூன்று பட்டாலியன் கொண்ட போர் அலகு. பிரிட்டிஷ் மரபிலும் இந்திய ராணுவத்திலும் காலாட்படை ரெஜிமென்ட் என்பது ஒரு குடும்பம். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் பெயரும் கொடியும் மரபும் பயிற்சி மையமும் ஒன்று. அதன் பட்டாலியன்கள் வெவ்வேறு பிரிகேடுகளின் கீழ் வெவ்வேறு இடங்களில் இருக்கும். ரெஜிமென்ட் முழுதும் ஒரே களத்தில் அணிவகுத்து நிற்பதில்லை. அதனால் "மதராஸ் ரெஜிமென்ட் தாக்கியது" என்று வந்தால் எந்த பட்டாலியன் என்று தேடுங்கள். செய்தியில் 1/11 கூர்க்கா ரைஃபிள்ஸ் என்று இருந்தால், பதினோராவது ரெஜிமென்டின் முதல் பட்டாலியன் என்று பொருள். சாய்கோட்டுக்கு முன்னால் பட்டாலியன், பின்னால் ரெஜிமென்ட்.

இதே மரபில் டாங்கிப் படையிலும் பீரங்கிப் படையிலும் ரெஜிமென்ட் என்றால் பட்டாலியன் அளவு. குடும்பம் அல்ல, உண்மையான போர் அலகு. டாங்கி ரெஜிமென்டின் கீழே ஸ்குவாட்ரன், அதன் கீழே ட்ரூப். பீரங்கி ரெஜிமென்டின் கீழே பேட்டரி. பேட்டரிக்கு ஆறு பீரங்கி, மூன்று பேட்டரி என்றால் 18. அமெரிக்கக் குதிரைப்படை மரபிலோ ஸ்குவாட்ரன் என்பது பட்டாலியனுக்குச் சமம், ட்ரூப் என்பது கம்பெனிக்குச் சமம். ஒரே சொல், ஒரு படி வித்தியாசம். விமானப் படையின் ஸ்குவாட்ரன் முற்றிலும் வேறு, அதை இங்கே கலக்க வேண்டாம்.

இரண்டாம் உலகப் போர் படிப்பவர்கள் இன்னும் இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர்கள் ஆர்மி என்றது மற்றவர்களின் கோர் அளவுதான். மற்றவர்களின் ஆர்மிக்கு நிகராக அவர்களிடம் இருந்தது ஏரியா ஆர்மி. சோவியத் டாங்கி கோர் என்பதும் பெயரில்தான் கோர். அளவில் அது ஒரு டிவிஷன். சோவியத் ரைஃபிள் டிவிஷனை அமெரிக்க டிவிஷனோடு நேராக ஒப்பிடவும் கூடாது. 1942 டிசம்பர் அட்டவணைப்படி அதில் 9,435 பேர். அதுவும் அட்டவணையில். மறுபுறம், 1917இல் பிரான்சுக்குப் போன அமெரிக்க டிவிஷனில் ஏறக்குறைய 28,000 பேர். "இருபக்கமும் பத்துப் பத்து டிவிஷன்" என்று ஒருவர் எழுதினால், அவர் இன்னும் எதையும் சொல்லவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பதவிப் பெயரை வைத்தும் படியைக் கண்டுபிடிக்கலாம். பிளட்டூனுக்கு லெப்டினன்ட். இந்திய ராணுவத்தில் பல பிளட்டூன்கள் சுபேதார், நாயிப் சுபேதார் கையில் இருக்கும். கம்பெனிக்கு அமெரிக்காவில் கேப்டன், பிரிட்டனில் மேஜர். பட்டாலியனுக்கு லெப்டினன்ட் கர்னல், இந்தியாவில் இப்போது கர்னல். பிரிகேடுக்கு பிரிகேடியர், டிவிஷனுக்கு மேஜர் ஜெனரல், கோருக்கு லெப்டினன்ட் ஜெனரல். லெப்டினன்டைவிட மேஜர் பெரியவர், அப்புறம் எப்படி மேஜர் ஜெனரலைவிட லெப்டினன்ட் ஜெனரல் பெரியவர் என்று எல்லோரும் கேட்பார்கள். மேஜர் ஜெனரல் என்பது பழைய சார்ஜென்ட் மேஜர் ஜெனரல் என்ற பதவியின் சுருக்கம். முன்னால் இருந்த சார்ஜென்ட் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது.

எண்களுக்கும் ஒரு மரபு உண்டு. ஆங்கில நூல்களில் டிவிஷனுக்குச் சாதாரண எண், கோருக்கு ரோம எண், ஆர்மிக்கு எழுத்தால் எழுதிய எண். இது தெரிந்தால், பெயரையே சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதியிருந்தாலும் படி எது என்று ஊகிக்கலாம். அமெரிக்க ரெஜிமென்டில் கம்பெனிகளுக்கு ஏ முதல் எம் வரை எழுத்துகள், ஆனால் ஜே மட்டும் கிடையாது. கையெழுத்தில் ஐயும் ஜேயும் குழம்பிவிடும் என்பதால் விட்டுவிட்டார்கள். ஒரு நினைவுக்குறிப்பில் ஜே கம்பெனி என்று வந்தால் மூலத்தை மறுபடி பார்ப்பது நல்லது.

வரைபடம் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நேட்டோ முறையில் ஒரு செவ்வகம் போட்டு அதன் தலையில் அளவுக் குறி வைப்பார்கள். அமெரிக்க ஸ்குவாடுக்கு ஒரு புள்ளி, பிளட்டூனுக்கு மூன்று புள்ளி. கம்பெனிக்கு ஒரு செங்குத்துக் கோடு, பட்டாலியனுக்கு இரண்டு, ரெஜிமென்டுக்கு மூன்று. அதற்கு மேலே கோடு போய்ப் பெருக்கல் குறி வந்துவிடும்: பிரிகேட் ஒன்று, டிவிஷன் இரண்டு, கோர் மூன்று, ஆர்மி நான்கு, ஆர்மி குரூப் ஐந்து. செவ்வகத்துக்குள்ளே இருப்பது படை வகை. மூலைக்கு மூலை குறுக்குக் கோடுகள் என்றால் காலாட்படை, பழைய சிப்பாய்கள் மார்பில் குறுக்காகப் போட்ட இரு வார்களின் நினைவு. ஒரே ஒரு குறுக்குக் கோடு குதிரைப்படை. நீள்வட்டம் டாங்கி, அதன் சங்கிலிச் சக்கரத்தின் வடிவம். நிரப்பிய வட்டம் பீரங்கி, அது குண்டு. 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நோக்கிப் போன பிரிட்டிஷ் 30ஆவது கோர் ஒரு சுவையான குழப்பம். ரோம எண்ணில் முப்பது என்றால் மூன்று பெருக்கல் குறி மாதிரிதான் இருக்கும். கோரின் அளவுக் குறியும் அதேதான். வரைபடத்தில் தலையில் மூன்று, பக்கத்தில் மூன்று. ஒன்று பெயர், ஒன்று அளவு.

இவ்வளவும் தெரிந்த பிறகு கடைசியாக ஒரு பழக்கம் வேண்டும்: தாளில் இருக்கும் படை வேறு, களத்தில் இருக்கும் படை வேறு என்று எப்போதும் நினைவில் வைத்திருப்பது. வாரக்கணக்கில் சண்டையிட்ட பட்டாலியன் ஒரு கம்பெனி அளவுக்குக் கரைந்திருக்கும், பெயர் மட்டும் மாறாது. எதிர்ப்புறமும் உண்டு. 1944இல் நேச நாடுகள் இங்கிலாந்தின் தென்கிழக்கில் முதலாவது அமெரிக்க ஆர்மி குரூப் என்று ஒன்றை ஜெனரல் பேட்டன் தலைமையில் நிறுத்தியிருப்பதாக ஜெர்மானியர்களை நம்பவைத்தன. அங்கே போலி டாங்கிகள் இருந்தன. அவற்றைவிட முக்கியம், போலி ரேடியோப் பேச்சு. கோருக்குக் கீழே டிவிஷன், டிவிஷனுக்குக் கீழே ரெஜிமென்ட் என்று யார் யாரோடு பேச வேண்டுமோ அந்த வலையைச் சில சிக்னல்காரர்கள் அப்படியே நடித்துக் காட்டினார்கள். ஒட்டுக்கேட்டவர்களுக்கு அது ஒரு முழு ஆர்மி குரூப். ஜூன் 6 அன்று நார்மண்டியில் இறங்கிய பிறகும், ஜெர்மனியின் பதினைந்தாவது ஆர்மியின் பெரும்பகுதி பிரான்சின் கலே கரையிலேயே வாரக்கணக்கில் காத்திருந்தது.

இன்றைய செய்திகளில் இன்னொரு சிக்கல். 2022இல் உக்ரைன் போரில் பட்டாலியன் டாக்டிகல் குரூப் என்ற பெயர் நிறைய அடிபட்டது. அறுநூறு முதல் எண்ணூறு பேர் கொண்ட ரஷ்ய அலகு, ஆனால் அதற்குள்ளேயே பீரங்கி, டாங்கி, வான் பாதுகாப்பு எல்லாம் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். குரூப், டாஸ்க் ஃபோர்ஸ் என்று முடியும் பெயரைப் பார்த்தால், ஒரு வேலைக்காகச் சேர்த்துக் கட்டியது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தலைகளை எண்ணுவதில் பயனில்லை. என்னென்ன ஒட்டியிருக்கிறார்கள் என்பதை எண்ணுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். படைப்பிரிவு, படையணி, படைத்தொகுதி எல்லாம் நல்ல சொற்கள். ஆனால் எந்தச் சொல் எந்தப் படி என்று எல்லோரும் ஒரே மாதிரி ஒப்புக்கொள்ளாதவரை, அளவு முக்கியமான வாக்கியத்தில் பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் என்றே எழுதுங்கள். பட்டாலியனுக்கு உறவான பட்டாளத்தை எப்போதோ நம் வீட்டுச் சொல்லாக்கிக்கொண்டோம். மற்றவையும் வரட்டும். படைப்பிரிவு என்பதை, மூலத்தில் வெறுமனே யூனிட் என்று இருக்கும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நூல் மறுபதிப்பு வந்தபோது நான் முதலில் திருத்தியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். "பிரிகேட் தலைமையகம், இடப்பக்கம் நின்ற தன் பட்டாலியனுடன் தொடர்பை இழந்தது."